ஓட்டையில்லாத தக்கை

மாடியிலிருந்து ‘ப்ளுக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மேவிஸ் கிளெக்கின் கையிலிருந்த தேநீர்க் கெண்டி அந்தரத்தில் நின்றது. எதிரே, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த எடித் ஓல்ட்ராய்ட் மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

“குழாய் சொட்டுதா, மிஸஸ் கிளெக்?”

“பழைய வீடு பாருங்க. அதுபாட்டுக்குச் சொட்டும்.”

சொட்டியது குழாய் அல்ல. மாடியில், வெந்நீர்த் தொட்டியை ஒட்டிய துணி அலமாரியின் கதகதப்பில், ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் எல்டர் என்னும் கருநிறக் காட்டுப்பழத்தில் போட்ட ஒயின் நுரைத்துக்கொண்டிருந்தது. வட இங்கிலாந்தின் அந்த யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் செப்டம்பர் பிறந்தால் பாதி வீடுகளில் இந்தச் சத்தம் கேட்கும். மேவிஸுக்கு அது தாலாட்டு. இன்றைக்கு மட்டும் அது எமனின் காலடி.

வந்திருப்பவள் சம்பந்தியாகப் போகிறவள். மகள் மொரீனைக் கட்டிக்கொள்ள இருக்கும் கீத்தின் தாய். அவர்கள் மெத்தடிஸ்ட் சபைக்காரர்கள். மதுவைத் தொடமாட்டோம் என்று பிள்ளைப் பருவத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற குடும்பம். கீத்தின் அப்பா அரை மனதாகத் தலையாட்டிவிட்டார். அம்மாதான் இதுவரை வாய் திறக்கவில்லை. “அவங்கம்மா வேண்டாம்னா கீத் மீற மாட்டாம்மா” என்று மொரீன் முந்தைய நாள் தலையணை நனைய அழுதிருந்தாள். ஆக, மகளின் வாழ்வு இந்த ஒரு தேநீர்க் கோப்பைக்குள் மிதந்துகொண்டிருந்தது.

‘ப்ளுக்.’

சர்க்கரை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு மேவிஸ் மாடிக்கு ஓடினாள். சர்க்கரைக் கிண்ணம் மேஜைமேல்தான் இருந்தது.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள் அவள். கணவன் வால்டர் நெஞ்சு நோயில் போன பிறகு, நீண்டு கிடந்த மாலைகளை நிரப்பத்தான் ஒயின் போடத் தொடங்கினாள். முதல் வருடம், ஸ்வெட்டர் பின்னும் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி மரத்தக்கையில் தானே துளை போட்டாள். தக்கையை ஊறவைக்க வேண்டும் என்று தெரியாது. காய்ந்த தக்கை வழியே காற்று புகுந்து, பழ ஈ மொய்த்து, ஜாடி முழுக்க வினிகர். மறு வருடம் ரப்பர் அடைப்பானுக்கு மாறினாள். அதன் துளையில் செருகினாள் ஏர்லாக் என்னும் வளைந்த கண்ணாடிக் குழாயை. அதன் வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பழச்சாறு புளிக்கும்போது எழும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். வெளிக்காற்றுக்கு உள்ளே வழியில்லை. எல்டர் பழம் பொல்லாதது, நுரை குழாய்வரை ஏறி அடைத்துவிடும் என்பதால் முதல் சில நாட்கள் ஜாடி வாயில் வெறும் பஞ்சு, நுரைப்பு தணிந்ததும் குழாய். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

தெரிந்தவள்தான், பயத்தில், அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையில்லாத ரப்பர் தக்கை ஒன்றை எடுத்து ஜாடியின் வாயில் அழுத்தித் திருகினாள். சத்தம் நின்றது. ஜாடிக்கு மேலே, ஈரம் படாமலிருக்க அவள் தொங்கவிட்டிருந்தது மொரீனின் கல்யாண உடை. ராத்திரி ராத்திரியாக அவளே தைத்த வெள்ளைப் பருத்தி உடை.

கீழே வந்ததும் எல்லாம் தேனாக ஓடியது. தேவாலயத்தில் பாட வேண்டிய பாட்டுகளைப் பேசினார்கள். விருந்துக்குப் பன்றித் தொடையா, நாக்கு இறைச்சியா என்று பேசினார்கள். எடித் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள்; இரண்டாவது கோப்பையும் கேட்டாள். கல்யாணத் தேதியைப் பற்றி அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த அந்த நொடியில், மாடியில் துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு வெடி.

இருவரும் ஓடினார்கள். அலமாரிக் கதவின் அடியிலிருந்து ஊதா நிற நுரை வழிந்துகொண்டிருந்தது. திறந்தால், தக்கை எங்கோ பறந்திருந்தது, ஜாடி பீறிட்டுக்கொண்டிருந்தது, வெள்ளை உடையின் இடுப்பிலிருந்து தரைவரை கருஞ்சிவப்பு.

மேவிஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளின் வாழ்வைத் தன் கையாலேயே கறையாக்கிவிட்டோமே. இனி மறைக்க என்ன இருக்கிறது? குழாய் சொட்டவில்லை, ஒயின்தான் என்றும், சத்தம் கேட்கக் கூடாதென்றுதான் அடைத்தேன் என்றும் அழுதபடி சொல்லிமுடித்தாள்.

எடித் குனிந்து, மூலையில் கிடந்த தக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நுரைக்கிற ஜாடிக்கு இப்படியா கெட்டியா அடைப்பாங்க? நான் குடிக்கிறவ இல்ல. ஆனா இஞ்சி பீர் போடுறவ. பேர்தான் பீர், போதை கிடையாது. போன கோடையில பாதிரியார் ஜெபம் பண்ணிட்டிருக்கும்போதே எங்க சரக்கறையில பாட்டில் ஒண்ணொண்ணா வெடிச்சுது. பாவம், அவர் ஆமென்கூடச் சொல்லல, வாசலுக்கு ஓடிட்டார்.”

மேவிஸ் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எடித் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“உக்காந்திருந்தா கறை போகாது. கெட்டில்ல தண்ணி வைங்க. சோப்பு பட்டா கறை பிடிச்சுக்கும், பக்கத்துல வரவே கூடாது.”

குளியல் தொட்டியின் மேல் மேவிஸ் துணியை இழுத்துப் பிடித்தாள். எடித் முக்காலியில் ஏறி நின்று, உயரத்திலிருந்து கொதிநீரை மெல்லிய தாரையாகக் கறையின்மேல் ஊற்றினாள். ஊதா நீலமானது, நீலம் சாம்பலானது. கெட்டில் மறுபடி கொதித்தது, மறுபடி. பட்டுத்துணி வாங்க வக்கில்லையே என்று கடையில் நின்று கண்கலங்கிய மேவிஸ், இப்போது கொதிநீரைத் தாங்கும் அந்தப் பருத்தியைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

ஊற்றிக்கொண்டே எடித் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். அவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில் பிள்ளைகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடப்பார்களாம்.

“எனக்கு வாசனையே ஆகாது. ஆனா அதைவிட ஆகாதது ஒண்ணு இருக்கு. எங்கப்பா பாட்டிலை நிலக்கரிக் கொட்டகையில ஒளிச்சு வெப்பார். ஒளிக்கிறவங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயம்.”

“இனிமே இந்த வீட்ல ஒளிவு கிடையாது,” என்றாள் மேவிஸ். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன கிளாஸ் குடிப்பேன். அவ்வளவுதான். அதையும் சொல்லிட்டேன்.”

எடித் கெட்டிலை இறக்கி வைத்தாள். விளிம்பில் உள்ளங்கையளவு மங்கல் மட்டும் எஞ்சியிருந்தது. அதன்மேல் லேஸ் வைத்துத் தைத்துவிடலாம், தன்னிடம் நல்ல லேஸ் இருக்கிறது என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் மேவிஸுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறுபடி கண் நிறைந்தது.

கீழே இறங்கும்போது எடித் சற்றுக் கூச்சத்தோடு, அலமாரியில் கிடந்த அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றி விசாரித்தாள். மேவிஸ் குழாய்களும் தக்கைகளும் போட்டுவைத்திருந்த தன் டப்பாவையே திறந்து காட்டினாள். கண்ணாடி, கண்ணுக்கு அழகு. கழுவும்போது கை தவறினால் போச்சு. பிளாஸ்டிக் மலிவு, மூடிதான் தொலைந்துபோகும். மரத்தக்கை வேண்டாம், ரப்பர் என்றால் முதலில் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பானத்தில் டயர் வாசனை வரும்.

“பெரிய ஜாடியில இதை மாட்டி விடுங்க. நுரை அடங்கினப்புறம் பாட்டில்ல அடைங்க. பாதிரியார் பயமில்லாம ஜெபம் பண்ணலாம்,” என்று ஒரு பிளாஸ்டிக் குழாயையும் துளையிட்ட ரப்பரையும் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்தாள்.

வாசலில் எடித் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“கல்யாண மேஜையில உங்களுது ஒரு கோடியில இருக்கட்டும், என்னுது இன்னொரு கோடியில. எங்க சபைக்காரங்க முறைப்பாங்க. முறைக்கட்டும். வர்றேன், மேவிஸ்.”

“பார்த்துப் போங்க, எடித். படி வழுக்கும்.”

தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, மேவிஸ் கதவைச் சாத்தினாள்.