நல்லெண்ணெயில் குழைத்த கங்காணி

ஆயில் பெயின்டிங் என்றால் எந்த ஆயில்? இதை யாரிடமும் கேட்காமல் போர்ட்ரெய்ட் போட இறங்கிய மகா மேதாவி நான்.

அப்போது சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கோயில் சுவரில் மயில் வரைந்த தலைக்கனம் வேறு. எங்களை வேலை வாங்கும் கங்காணி காய்ச்சலில் போய்விட்டார். அவர் முகம் ஒரே ஒரு குரூப் போட்டோவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அவர் மனைவி அஞ்சலையக்கா அதைக் கொடுத்து அழுதார்.

"தம்பி, பதினாறாம் நாளுக்குள்ள பெருசா போட்டுக் குடுப்பா. அவரு மூஞ்சியே மறந்துருமோன்னு பயமா இருக்கு."

துரை பங்களாவில் ஒரு ஆயில் போர்ட்ரெய்ட் இருந்தது. அது எப்படிப் போடுவது என்று தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியிடம் கேட்டேன். "எண்ணெயிலை வர்ணத்தைக் குழைக்கிறது, வேறென்ன?" என்றார். எனக்கு அது போதாதா? பீடோங் டவுனில் கலர் பவுடர் வாங்கினேன். எண்ணெய்க்கு அடுப்படியில் நல்லெண்ணெய் இருந்தது. மாவுச் சாக்குத் துணியைச் சட்டத்தில் அடித்து, முகத்தைப் போட்டு, மேலே மீசையை வைத்தேன்.

பார்த்தவர்கள் எல்லாம், "அடேயப்பா, கங்காணியேதான் லா!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் மட்டும் காயவே இல்லை. வெயிலில் வைத்தால் எறும்பு வந்தது.

பதினாறாம் நாள் ஈரத்தோடேயே மாட்டினேன். அக்கா மாலை போட்டார். மாலை வழுக்கி முகத்தில் உரச, மீசை அதோடு போய்விட்டது.

"யாருப்பா இது, புது ஆளா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஐயோ, நான் வரைந்தது வெறும் மீசையைத்தானா! வெட்கத்தில் செத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. படத்தையே உற்றுப் பார்த்தார்.

"உதடு இப்படி இருக்காது தம்பி. இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், கிண்டல் பண்றாப்ல."

சொல்லிக்கொண்டே ஈர வர்ணத்தில் விரலை வைத்து உதட்டோரத்தை மேலே தள்ளினார். மீசையே இல்லாமல் கங்காணி எங்களைப் பார்த்தார்.

"மறக்கல தம்பி," என்று அக்கா ஓவென்று அழுதார். "எனக்கு மறக்கல."

தானாகக் காய்கிற லின்சீட் ஆயில், டர்பன்டைன் எல்லாம் பிறகு கற்றுக்கொண்டேன். ஆனால் இந்தத் தொழிலில் இறங்கும் பிள்ளைகளே, மீசை வைக்குமுன் படத்தில் இருப்பவரின் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, வரைந்த உதட்டைக் காட்டுங்கள். அந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டால் நான்தான் என்பேன், அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால்.