போலீஸ் கொண்டுபோன பேய்ப் புத்தகம்

பத்து வருடங்களுக்கு முந்தைய ஒரு மார்கழி மாதம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி இருந்தது. என் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை உறுதி. எங்கள் தெருவிலேயே முதல் அரசாங்க உத்தியோகம். அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னைப் படிக்கவைத்தது அதற்காகத்தான். அந்த வேலை ஒரு படக்கதைப் புத்தகத்தால் கைநழுவப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜப்பான்காரர்கள் வரைகிற பேய்க் கதைகளைப் படிப்பேன். மங்கா என்பார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். வெள்ளைப் புடவை கட்டி, மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற நம் ஊர்ப் பேய் அந்தப் புத்தகங்களுக்குள் போனால் அதுவே பயந்து திரும்பி வந்துவிடும். ஒரே ரத்தம், குடல், பிய்ந்த தோல். அதிலும் ஒரு விநோதம், நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படித்துக்கொண்டு போக வேண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாலும் படங்களின் வரிசையை மாற்றுவதில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தது என் அண்ணன்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டையில் நெல் வயலைப் பார்த்து, நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே என்று வாங்கியிருக்கிறான். உள்ளே பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். ஊருக்கு வந்த நண்பரிடம் தைலம், துண்டு, சோப்புடன் அதையும் கொடுத்தனுப்பி, "நீயே வச்சுக்க, எனக்கு வேண்டாம்" என்று போனில் சொன்னான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். பஞ்ச காலத்தில் அந்த ஊர் நிலச்சுவான்தார், பங்கு கேட்ட குடியானவர்களைக் கொன்று வயலிலேயே போட்டு உழுதுவிடுகிறான். அடுத்த போகத்தில் கதிரில் நெல்லுக்குப் பதிலாக மனிதப் பற்கள் முளைக்கின்றன. அவன் வீட்டில் சோறு சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் தொண்டைக்குள் பல் முளைத்து, அவர்களை உள்ளேயிருந்தே மென்று தின்கிறது. படிக்கிற நீங்களே முகம் சுளிப்பீர்கள். ஆனால் வரைந்தவர் வயலில் இறங்கியவர் என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாற்றுக்கட்டைத் தூக்கி வீசுகிற கை, வரப்பில் நண்டு வளை, சேற்றில் புதைந்த காலை உருவும்போது உடம்பு சாய்கிற சாய்வு, எல்லாம் அப்படியே இருந்தது.

என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். சாணியைக் கரைத்துப் புகட்டுகிற சாணிப்பாலும் சவுக்கடியும் பட்ட உடம்பு அவருடையது. இப்போது எங்கள் பெயரில் பட்டா இருக்கிற நிலத்துக்காக எங்கள் தெருவில் அடிபடாத குடும்பம் கிடையாது. சாப்பிடும்போதுகூட அந்தக் கதைகளைச் சாதாரணமாகப் பேசுவார்கள். நிஜத்தில் அடித்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆத்திரம். இந்தப் புத்தகத்தில் மண்ணுக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் அதை விடாமல் படித்தேன். அண்ணனை நச்சரித்து அடுத்தடுத்த பாகங்களையும் வாங்கி அனுப்பவைத்தேன்.

அம்மாவுக்கு அந்தப் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. "இந்தக் கருமத்தப் படிச்சிட்டு உனக்கு எப்படிடி சோறு எறங்குது? போகிக்கு மொத்தத்தையும் கொளுத்தலன்னா பாரு" என்று தினமும் ஒரு பாட்டு. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, படங்களைப் பார்த்தே இந்தக் கோபம்.

கதை இந்தக் காலத்துக்கு வந்து சேர்கிற மூன்றாவது பாகம் கிடைத்த வாரத்தில்தான் எங்கள் வயலில் குழாய் பதிக்கிறவர்கள் இறங்கினார்கள். பூமிக்கு அடியில் எரிவாயு கொண்டுபோகிற குழாய். அளந்து குச்சி நட்டுவிட்டுப் போனபோதே ஊர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அறுவடை முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒருநாள் காலையில் சம்பாப் பயிர் பால் பிடித்து நின்றபோது, போலீஸ் பாதுகாப்போடு பொக்லைனை உள்ளே விட்டார்கள்.

நான் பள்ளியில் இருந்தேன். விஷயம் தெரிந்து ஓடிவருவதற்குள், குறுக்கே படுத்த அப்பாவையும் மற்றவர்களையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வயலின் நடுவில் வண்டித் தடம் கிடந்தது. நசுங்கிய கதிர்களிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து சேற்றோடு கலந்திருந்தது. ரத்தத்தை எத்தனையோ பக்கங்களில் பார்த்தவள் நான். அந்தப் பாலைப் பார்க்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்து ஊரைத் தூண்டிவிட்டது யார் என்று வீடு வீடாகத் தேடினார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அவர்களுக்குக் கிடைத்தது என் மங்கா. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மூன்றாம் பாகத்தைப் புரட்டினார். நெல் வயல். தலையில் ஹெல்மெட் போட்ட ஆட்கள். இடுப்புவரை சேற்றில் புதைந்து அலறுகிறார்கள். வரப்பில் அரிவாளுடன் ஊர்ஜனம். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, யார் வரைஞ்சது இது? எந்தப் பிரஸ்ல அடிச்சீங்க?"

கறுப்பு வெள்ளையில் இருந்ததால் நாங்களே வரைந்து அச்சடித்தது என்று நினைத்துவிட்டார். சத்தங்களைக் காட்டுவதற்காகப் படங்களுக்குள் பெரிது பெரிதாக ஜப்பானிய எழுத்துகள் வேறு. அதைப் பார்த்ததும் இது சீன எழுத்துதானே, வெளிநாட்டிலிருந்து யார் உங்களுக்கு உதவுகிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். இது ஜப்பான் கதைப் புத்தகம், என் அண்ணன் அனுப்பியது என்று தொண்டை கிழியச் சொன்னேன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பது அவர் சந்தேகத்துக்கு நெய் வார்த்ததுபோல் ஆயிற்று. மூன்று பாகங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பேப்பரில் 'போராட்டக்காரர் வீட்டில் வெளிநாட்டு வன்முறைப் புத்தகங்கள்' என்று செய்தி. கதிர் நசுங்கிய செய்தி ஒரு வரிகூட இல்லை. பள்ளித் தாளாளர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவுல இருங்கம்மா, பெற்றோர் கேட்கிறாங்க" என்றார். என்னையும் வழக்கில் சேர்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மண்டபத்திலிருந்து விடுதலையாகி வந்திருந்த அப்பா திண்ணையைவிட்டு எழவில்லை. பயிர் போனதைவிட என் வேலை போய்விடுமோ என்பதுதான் அவரை உட்காரவைத்துவிட்டது.

அந்த வாரமே தாலுக்கா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். கோட்டாட்சியர், இன்ஸ்பெக்டர், குழாய்க் கம்பெனி அதிகாரி, எதிரே எங்கள் ஊர்க்காரர்கள். நடுவில் சமாதானம் பேச ஒரு கரைவேட்டிக்காரர். அவர் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே குழாயை எதிர்த்து எங்கள் வயலில் நின்று, என் பிணத்தின் மீதுதான் போட வேண்டும் என்று மைக்கில் முழங்கியவர். இப்போது ஆளுங்கட்சி. பிணம் நன்றாகத்தான் இருந்தது, கம்பெனி அதிகாரியின் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

பேச்சை ஆரம்பித்ததே என் புத்தகத்தில்தான். இன்ஸ்பெக்டர் மூன்றாம் பாகத்தை நடுவில் விரித்து, நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகக் கோட்டாட்சியருக்கு விளக்கினார். முதலில் ஊர்க்காரர்கள் அரிவாளோடு கூடுகிறார்களாம். பிறகு அளக்க வந்தவர்களைச் சேற்றில் புதைக்கிறார்களாம். மிச்சம் இருப்பவர்கள் ஜீப்பில் ஏறி உயிர் தப்பி ஓடுகிறார்களாம். "இது கதை இல்ல சார், பிளான்" என்றார். கம்பெனி அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வண்டி எங்கள் கதிர்மேல் ஏறியபோது பொத்தவில்லை.

நான் எழுந்து, தப்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்க உக்காருங்க, உங்ககிட்ட அப்பறம் கேக்கிறோம்" என்று அடக்கிவிட்டார்கள். அப்போதுதான் பின்வரிசையில் பெண்களோடு இருந்த என் அம்மா எழுந்து விறுவிறுவென்று மேஜைக்குப் போனார். இன்ஸ்பெக்டர் கைக்குக் கீழே இருந்த புத்தகத்தை உருவி, மறுபக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"இப்படிப் பாக்கணும் சார். இந்தா, ஜீப்புல வந்து எறங்குறானுவோ. யாரையும் ஒரு வார்த்த கேக்கல. வெளஞ்ச வயல்ல குச்சி அடிக்கிறானுவோ. அப்பறந்தான் மண்ணு காலப் புடிச்சு இழுக்குது. இந்தச் சனங்க கருக்கருவாளோட அறுப்புக்கு வருதுங்க. ஒரு ஆளு யார் மேலயும் கைய வைக்கல."

போகிக்குக் கொளுத்துவேன் என்ற அம்மா, ஒரு படம் விடாமல் பார்த்திருக்கிறார். கோட்டாட்சியர் புத்தகத்தை வாங்கி வலமிருந்து இடமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி அதிகாரிகூடச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"சிரிக்காதீங்க சார். படத்துல செத்தவனுக்கு இவ்வளவு நேரம் பேசுனீங்க. எங்க வயல் செத்துக் கெடக்குது, அதப் பத்தி இன்னும் ஒருத்தரும் பேசல. எம்பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சுன்னு அது வேலையில மண்ண அள்ளிப் போடுறீங்க?"

தாய்க்குலம் கோபப்படக் கூடாது என்று கரைவேட்டிக்காரர் இழுத்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், அவர் டீயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் பெயரை வழக்கில் சேர்க்க வேண்டாம் என்று கோட்டாட்சியர் அங்கேயே சொல்லிவிட்டார். மிச்சப் பயிரை அறுக்கும்வரை வேலையை நிறுத்தவும் ஒப்புக்கொண்டார்கள். இதைத்தானே நாங்கள் முதலிலேயே கேட்டோம்? அறுவடை முடிந்து பங்குனியில் குழாயைப் பதித்தே விட்டார்கள். நசுங்கியது நசுங்கியதுதான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ ஸ்கூலுக்குப் போனப்பறம் எடுத்துப் பாப்பேன். நேரா பாத்தா செத்தவனெல்லாம் எந்திரிச்சு வர்றான். என்னடா இதுன்னு திருப்பிப் பாத்தேன், சரியா வந்துச்சு. பல்லு மொளைக்கிற எடத்துல மட்டும் கண்ண மூடிக்குவேன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

எனக்கு அரசு வேலை கிடைத்தது. ஆனால் புத்தகம்? அலையவிட்டு அலையவிட்டு இரண்டு பாகங்களைத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவது பாகத்தை மேலே அனுப்பியிருக்கிறார்களாம். எந்த மேலே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அதிகாரிகள் மாறிவிட்டார்கள், ஆட்சியும் மாறிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் அம்மாவும் ஸ்டேஷனில் ஏறிக் கேட்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன புத்தகம்மா?" என்கிறார்.

நாங்கள் இருவரும் அந்தப் பாகத்தில் பாதிதான் தாண்டியிருந்தோம். அந்த வயல் கடைசியில் என்ன ஆயிற்று என்பது இன்றுவரை தெரியாது. போனிலேயே கிடைக்கும், படித்துவிடு என்கிறார்கள் என் மாணவர்கள். அண்ணனும் வேறு வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். "நம்ம புத்தகத்த எடுத்தவங்க குடுக்கட்டும், அப்பறம் முடிவப் பாத்துக்கலாம்" என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

பல் முளைத்த வயலை நினைத்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. பால் பிடித்த கதிர்மேல் வண்டியை ஏற்றிவிட்டு, மையால் வரைந்த ரத்தத்தைப் பார்த்துப் பதறினார்களே, அந்த முகங்களை நினைத்தால்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது.