இங்கன பூட்டின கார்

சுருளிவேலின் ஆட்கள் வந்ததும் முதல் அடி கடையில் வண்டி கழுவும் அம்மாவாசியின் முகத்தில் விழுந்தது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு வெள்ளைக் காரின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து நான்கு பேர் இறங்குவதைப் பார்த்து, வண்டி பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வாங்கண்ணே" என்றார். ஜாக்கிக் கம்பி அவர் இடது கண்ணில் இறங்கியது. கையிலிருந்து நழுவிய குழாய் தண்ணீரைப் பீய்ச்சியபடி தரையில் கிடந்து துள்ளியது.

தேனி அல்லிநகரத்தில் இருந்த அந்தப் பழைய கார் கடை ஞானபாக்கியத்துடையது. கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டு அவள் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தபோது, வரிசையில் நின்ற கார்களின் மேல் இரண்டு பேர் ஏறி நின்று கம்பியால் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவாசி தண்ணீரில் கிடந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

அவள் கதவோரம் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்தாள். அருகில் நின்றவனின் முழங்காலில் வீசினாள். அவன் கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அலறினான். அடுத்தவனிடம் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்தது. கம்பத்து ஏலக்காய் வியாபாரி சுருளிவேல். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே இடத்தில் அவளிடம் கார் வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாரேன்க்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனவன்.

"வெளிநாட்டுக் காருன்னு சொல்லி எந்தலையில கட்டிட்டேல்ல?"

"எப்படா சொன்னேன்?" என்றாள் அவள்.

அவன் அவள் முகத்தைக் காரின் பானெட்டில் மோதினான். மறுபடியும் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது.

ஞானபாக்கியத்துக்கு அடி புதிதில்லை. போடி கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஜெபமணியைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்தாள். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளை வாங்கி விற்றுத்தான் ஜெபமணி அந்தக் கடையை உண்டாக்கினான். அவன் நெஞ்சுவலியில் செத்து, கல்லறையில் மண் காயுமுன் அவனுடைய அண்ணன் வந்து கடைச் சாவியைக் கேட்டார். தர மாட்டேன் என்றதும் அறைந்தார். அவள் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் வாயில் அடித்தாள். அதன்பிறகு யாரும் சாவி கேட்கவில்லை. அந்த அடி விழுந்த நொடி தனக்கு இனித்தது என்பதை மகள் இவாஞ்சலினிடம்கூட அவள் சொன்னதில்லை. அந்த இனிப்புக்கு அவள் பயந்தாள்.

கடையைப் பதினேழு வருடம் நடத்தினாள். ஜீப் போய் கார் வந்தது, கார் போய்ப் பெரிய கார் வந்தது. ஏலக்காய் விலை ஏறிய வருடங்களில் கம்பத்திலும் போடியிலும் இருந்த வியாபாரிகள், விளம்பரத்தில் மட்டும் பார்த்த வண்டிகளைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். சுருளிவேலும் அப்படித்தான் வந்தான். மனைவி பவானியையும் கூட்டி வந்திருந்தான். கறுப்பு நிறத்தில், ஒருவர் மட்டும் ஓட்டியிருந்த பெரிய கார். அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, இது கப்பல்ல முழுசா வந்து எறங்குனதா?"

"இல்ல தம்பி. சாமான் சாமானா வந்து, நம்ம நாட்டு பாக்டரியில பூட்டினது. அதான் இந்த வெல. அங்கனயே பூட்டி முழு வண்டியா எறக்குனா, வண்டி வெலையோட கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரியும் ஏறிரும்."

"எங்க ஊரு வியாபாரி ஒச்சாண்டி வச்சிருக்கிறது முழுசா வந்ததுதான?"

"அது வெளிநாட்டுப் பூட்டு. ரெட்ட வெல."

"அப்ப அது ஒசத்தி, இது மட்டமா?"

அவள் கதவைத் திறந்து சாத்திக் காட்டினாள். "எஞ்சின் அதே எஞ்சின். கியர்பாக்ஸ் அதே. உள்ளாற சீட்டுத் தோல் அதுல கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். இதுல அடிப்பக்கம் ஒசரம் கூட. நம்ம ரோட்டுக்கும் வெயிலுக்கும்னே பாத்துச் செஞ்சது. சில கம்பெனிக்காரன் இங்கன விக்கிறதுல ஏர்பேக்க கொறைச்சிருவான், வெல எறங்கணும்னு. அத மட்டும் கேட்டு வாங்கணும். இதுல ஒண்ணும் கொறைக்கல. எந்த ஊர்ல பூட்டினான்னு பாக்காத தம்பி, என்னத்த வச்சுப் பூட்டினான்னு பாரு. அந்த வண்டியில ஒரு லைட்டு ஒடஞ்சா ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும்."

"நமக்கு இது போதும்" என்றாள் பவானி.

கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னத் தகடு தெரியும். இந்தியாவில் தயாரானது என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. சுருளிவேல் அதைப் படித்தான். கம்பத்துக்குப் போனதும் ஸ்டிக்கர் கடையில் கொடுத்து அந்தத் தகட்டின் மேல் கறுப்பு பிலிம் ஒட்டச் செய்தான். ஏலக்காய் மண்டியில் எல்லாரிடமும் கப்பலில் வந்த வண்டி என்றான். துறைமுகத்தில் போய் நின்று இறக்கி வந்ததாகக்கூட ஒருவரிடம் சொன்னான்.

ஒரு கல்யாண மண்டப வாசலில் அந்தப் பொய் உடைந்தது. ஒச்சாண்டி பேச்சுக்குப் பேச்சு சிரித்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்தான். நகத்தால் பிலிமை உரித்தான். சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டுத் தகட்டைப் படித்துக் காட்டினான். பந்திக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள்கூட நின்று பார்த்தார்கள்.

சுருளிவேலுக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அந்த அல்லிநகரத்துக்காரி என்னைய ஏமாத்திப்புட்டா."

"ஏலே, ஒரு பொம்பள ஏமாத்திப்புட்டான்னு எங்ககிட்டச் சொல்றியே, வெக்கமா இல்ல?" என்றான் ஒச்சாண்டி. "சும்மாவா விட்டுட்டு வந்த?"

பவானி பக்கத்தில் நின்றாள். உண்மை தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். புருஷன் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவன் ஜீப்பில் ஆட்களை ஏற்றினான். சொன்ன பொய்யை மெய்யாக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மாவாசியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஞானபாக்கியத்துக்குப் பல் போனது, மணிக்கட்டு வீங்கியது, உதட்டில் தையல். போலீசில் புகார் கொடுத்தாள். அங்கே சுருளிவேலின் ஆளும் உடைந்த முழங்காலோடு எதிர்ப்புகார் கொடுத்திருந்தான். "ரெண்டு பக்கமும் அடி இருக்கும்மா. கேஸ்னு போனா நீங்களும் உள்ள வரணும். பேசி முடிச்சுக்கங்க" என்றார்கள். பேசி முடிப்பதற்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் சுருளிவேல் வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவாசியின் கட்டிலருகே உட்கார்ந்தாள். பாதி முகம் பஞ்சுக்குள் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவுக எதுக்குக்கா என்னைய அடிச்சாக? நான் என்ன செஞ்சேன்?"

ஒரு தகட்டில் எந்த ஊர் பெயர் இருந்தது என்பதற்காக என்று எப்படிச் சொல்வது?

அதற்கடுத்த வாரம் உத்தமபாளையத்தில் பழுதாகி நின்ற ஒரு காரை இழுத்துவர, கடையின் ரெக்கவரி வண்டியை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். டிரைவர் வேலைக்கு வரப் பயந்துகொண்டிருந்தான். அது பழைய லாரியை வெட்டிச் செய்த வண்டி. முன்னால் பம்பருக்குப் பதிலாக இரும்பு உத்தரம். சின்னமனூர் தாண்டியதும் இருபுறமும் நடவு வயல்கள். எதிரே கறுப்புக் கார் வந்தது. நம்பரைப் படிக்கத் தேவையே இல்லை, அவள் கையால் துடைத்து விற்ற வண்டி.

அவனைத் தேடித்தான் போனாள் என்று பின்னால் அரசு வக்கீல் சொன்னார். இல்லை. ஆனால் பார்த்ததும் அவள் யோசிக்கவும் இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள்.

உத்தரம் காரின் முன் மூலையில் பாய்ந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டோரக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு, வயலில் புரண்டு சேற்றில் பக்கவாட்டில் நின்றது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஞானபாக்கியத்தின் நெற்றி கண்ணாடியில் இடித்துப் பிளந்திருந்தது. கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, சீட்டுக்கடியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

காரின் முன்பக்கம் காகிதம்போலச் சுருங்கியிருந்தது. ஆட்கள் உட்காரும் பகுதி மட்டும் நெளியாமல் நின்றது. கூரை அமுங்கவில்லை. உள்ளே வெள்ளை ஏர்பேக்குகளுக்கு நடுவே பெல்ட்டில் தொங்கிக்கொண்டு சுருளிவேல் மூச்சு வாங்கினான். உயிரோடிருந்தான். அவளுக்கு அது பொறுக்கவில்லை. உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டு அவன் முடியைப் பிடித்தாள்.

"நான் என்ன சொல்லி வித்தேன்? சொல்றா."

"அக்கா... அக்கா..."

"எங்கன பூட்டினதுன்னு சொன்னேன்?"

"இங்கன... இங்கன பூட்டினதுன்னுதான் சொன்னீக."

"அந்தப் பொம்பளைகளுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு!"

அவன் வயல் முழுக்கக் கேட்கும்படி அதைக் கத்தினான். அதோடு விட்டிருக்கலாம். அவள் ஸ்பானரை ஓங்கி அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிவது கைப்பிடியில் தெரிந்தது. மறுபடி ஓங்கினாள், இந்த முறை தலையைப் பார்த்து. பழைய அந்த இனிப்பு அவளுக்குத் தொண்டைவரை வந்திருந்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் ரோட்டிலிருந்து பார்த்தபோது அவளுக்கு ஆள் தெரியவில்லை. பவானி பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடையில் மடங்கிக் கிடந்தாள். ஒரு கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

ஞானபாக்கியம் ஸ்பானரால் பின்கண்ணாடியை உடைத்தாள். கதவு வரவில்லை. கண்ணாடிச் சில்லில் இரண்டு முழங்கையும் கிழிய உள்ளே நுழைந்து பவானியின் தோள்களைப் பிடித்தாள். "தாயி, கொஞ்சம் பொறுத்துக்க. கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பவானி கத்திய கத்தலில் நடவுப் பெண்கள் திரும்பி வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து அவளை வரப்பில் கிடத்தினார்கள். ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஞானபாக்கியம் பவானியின் தலையை மடியில் வைத்திருந்தாள். பிறகு போலீஸ் வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால், "நான்தான் இடிச்சேன், தெரிஞ்சுதான் இடிச்சேன்" என்றாள்.

கொலை முயற்சி வழக்கு லட்சுமிபுரம் கோர்ட்டில் நடந்தது. கடைத் தாக்குதல் வழக்குக்கும் இப்போது உயிர் வந்தது, அதுவும் அங்கேயே நடந்தது. இரண்டிலும் முக்கியச் சாட்சி பவானிதான். புருஷன் வீட்டார் கார் விஷயத்தை மறைக்கச் சொல்லி அனுப்பினார்கள், ஞானபாக்கியத்தின் மகள் இவாஞ்சலின் போய் அம்மாவைக் காப்பாற்றும்படி கெஞ்சினாள். பவானி இரும்பு வாக்கரை ஊன்றிக் கூண்டில் ஏறினாள்.

"கார் இங்கன பூட்டினதுன்னு அந்தக்கா எங்ககிட்டத் தெளிவாச் சொன்னாக. நானும் பக்கத்துல இருந்தேன். தகட்டுல பிலிம் ஒட்டுனது எம் புருஷன்தான்" என்றாள். சுருளிவேல் தலை குனிந்துகொண்டான். ஞானபாக்கியத்தின் வக்கீல் நிம்மதியாக உட்காரப்போனார். பவானி இன்னும் முடிக்கவில்லை. "அன்னைக்கு ரோட்டுல வண்டி தானா வந்து இடிக்கல. நேராப் போய்க்கிட்டிருந்தது, எங்களப் பாத்துத் திரும்புச்சு. அந்தக்கா எங்களக் கொல்லத்தான் வந்தாக."

சுருளிவேலுக்கும் அவன் ஆட்களுக்கும் மூன்று வருடம். ஞானபாக்கியத்துக்கு ஏழு வருடம். மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கடையை விற்று அம்மாவாசியின் பெயரில் ஒரு பங்கு போடும்படி மட்டும் மகளிடம் சொன்னாள்.

தீர்ப்பு நாளன்று, மதுரை பெண்கள் சிறைக்குக் கொண்டுபோக அவளை வெளியே கூட்டி வந்தார்கள். கோர்ட் படிகளில் பவானி தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. வாக்கரின் முன்கால் படி விளிம்பில் வழுக்கியது. ஞானபாக்கியம் தன்னை மறந்து ஓரடி முன்னால் வைத்துக் கையை நீட்டினாள்.

"தொடாதீக" என்றாள் பவானி.

"தாயி, உன்னைய உள்ளாற நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல."

"பாத்திருந்தா அவுகள மட்டும் தனியாக் கொன்னிருப்பீக. அதுக்கு நான் என்ன சொல்லணும்?"

ஞானபாக்கியம் கையை இறக்கினாள். பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டு, "நடங்கம்மா" என்றாள். பவானி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, யார் உதவியும் இல்லாமல் இறங்கி முடிக்கும்வரை ஞானபாக்கியம் அசையாமல் நின்றாள். பிறகு வேனில் ஏறினாள்.