வெர்லின் தீவைச் சுற்றினான்

என் அண்ணன் வெர்லின் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். டிரெய்லரைப் பின்னால் தள்ளிப் படகை ஏரியில் இறக்குவதில் மினசோட்டாவிலேயே அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் ஏரியில் ஒரு கூட்டம் உண்டு. சரிவோரம் மடக்கு நாற்காலி போட்டு, காப்பியும் கையுமாக உட்கார்ந்து, படகு இறக்கத் திணறுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவர்களுக்கு வேலை. அந்தப் பொல்லாத கூட்டமே வெர்லினுக்குக் கைதட்டும். இரண்டு விரலில் ஸ்டியரிங், ஒரே தடவை, முடிந்தது.

படகு தண்ணீரைத் தொட்டதும் அவன் மானம் கப்பலேறிவிடும்.

பதினேழு அடிப் பாய்மரப் படகு அது. பனி தள்ளும் இயந்திரத்தை ஒரு பல் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு மாற்றாக வாங்கி வந்தான். ஒவ்வொரு ஜூலையும் குடும்பமாக ஏரிக்கரையில் ஒரு வாரம் தங்குவோம். ஆறு ஜூலையும் அவன் மைத்துனன் கோர்டிதான் மோட்டார் படகில் போய், கயிறு கட்டி, இவனை இழுத்து வந்தான். முதல் வருடம் படகின் அடியில் இருக்கும் அடைப்பானை மாட்ட மறந்து, முழங்கால் வரை தண்ணீர். அடுத்த வருடம் பாயைத் தலைகீழாக ஏற்றினான். மற்ற நாலையும் சொன்னால் என் பிறந்த வீட்டுக்குத்தான் அவமானம்.

ஏழாவது வருடம் அவன் மனைவி லவோன் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் மோட்டார் இழுத்துட்டு வந்துச்சுன்னா, படகை வித்துடணும். சாஞ்சு உக்கார்ற மாதிரி நல்ல மிதவைப் படகு வாங்கிக்கலாம். ஏரி நடுவுல இருக்கற தீவைச் சுத்திட்டு, கரையில மீன் வறுத்து முடிக்கறதுக்குள்ள திரும்பி வரணும். நானே ஏறி உக்காந்து பாக்கறேன்."

வெர்லின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஜனவரிக் குளிரில் கராஜில் டிரெய்லர்மேல் நிற்கும் அந்தப் படகுக்குள் கோட்டும் குல்லாயுமாக ஏறி உட்கார்ந்து, தனியாகக் காப்பி குடிக்கிற மனுஷன். விற்றுவிட்டால் எங்கே போய் உட்காருவான்?

"அர்லிஸ், நீயும் வாடி" என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். லைஃப் ஜாக்கெட்டை மூச்சுமுட்ட இறுக்கிக்கொண்டு, கைப்பையை ஏதோ ஒரு கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பாய் விரிந்தது. அடடா, அழகு! ஆனால் படகு முன்னால் போகவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய்க் கோரைப்புல்லில் ஏறப் பார்த்தது.

கரையிலிருந்து கோர்டி கத்தினான். "மச்சான்! மூக்கு அங்க இருக்கு, படகு இங்க வருதே! கயிறு எடுத்துட்டு வரவா?"

"காத்து சரியில்ல!" என்றான் வெர்லின்.

"ஆறு வருஷமா இந்தக் காத்துதான் பாவம் திட்டு வாங்குது" என்றாள் லவோன்.

சட்டென்று வெர்லின் என்னை முறைத்தான். "அர்லிஸ், உன் பையை எதுல மாட்டியிருக்க?"

நான் மாட்டியிருந்தது அடித்தகட்டின் கைப்பிடியில். டிரெய்லரில் ஏற்றும்போது அந்த இரும்புத் தகட்டை மேலே தூக்கி வைப்பார்கள். தண்ணீருக்கு வந்ததும் கைப்பிடியைச் சுற்றி இறக்கினால்தான் படகு நேராகப் போகும். மறந்தது அவன், பழி என் கைப்பைக்கு! பையைப் பிடுங்கி என் மடியில் எறிந்துவிட்டு மூச்சிரைக்கச் சுற்றினான்.

தகடு இறங்கியதுதான் தாமதம், படகு துள்ளிக்கொண்டு பாய்ந்தது. நான் அலறினேன். லவோனின் தொப்பி பறந்தது. தீவைச் சுற்றும்போது படகு ஒரு பக்கமாகச் சாய, லவோன் மறுபக்கம் தொற்றிக்கொண்டு, "இன்னும் வேகமா, வெர்லின்! இன்னும்!" என்று சின்னப் பெண்போலக் கூவினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. தண்ணீர்ப் பயம் போன இடம் தெரியவில்லை.

கரைக்கு மூன்று பேருந்து நீளம் இருக்கும்போது காற்று நின்றது. சுத்தமாக நின்றது. மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்கிறது, படகு அசையவில்லை. துடுப்பு காரில் பத்திரமாக இருந்தது.

கோர்டி மோட்டார் படகில் வந்து கயிற்றை எறிந்தான். "மச்சான், மீன் ஆறிடும். போதும்பா, கட்டு."

வெர்லின் கயிற்றை எடுத்தான். "சரி, லவோன். சொன்னா சொன்னதுதான். வித்துடலாம்" என்றான்.

லவோன் அந்தக் கயிற்றைப் பிடுங்கி, தம்பி மூஞ்சிக்கே திருப்பி எறிந்தாள். "யாருடா உன்னக் கூப்பிட்டா? போடா!" பிறகு எங்கள் படகின் முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, போட்ட சட்டையோடு தொபுக்கென்று ஏரியில் குதித்தாள்.

"அக்கா, இது போங்கு!"

"மோட்டார் இழுத்தாத்தானே விக்கணும்? நான் என்ன மோட்டாரா?"

அறுபத்திரண்டு வயதுப் பொம்பளை, தஸ்புஸ் என்று நீந்தி இழுக்கிறாள்! கரையில் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று கத்துகிறது. நானும் கத்துகிறேன், என்ன கத்தினேன் என்றே தெரியவில்லை. வெர்லின் மட்டும் வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்த பாக்கற? சுக்கானைப் பிடி! நேரா விடு!" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு அதட்டினாள்.

வெர்லின் சுக்கானைப் பிடித்தான். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியதால் எதுவும் தெரியாமல், படகைத் துறைப் பலகையில் போய் நேராக இடித்தான்.