முகவரி முதலில் ஏற வேண்டும்

அலுவலகத்தில் அவளுக்குக் கறுப்புத்திரை என்று பெயர். மற்றவர்கள் வண்ணப் பொத்தான்களை அழுத்தி வேலை பார்க்க, அவள் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பாள். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் நிறுவனம் அது. அவள் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். தூரத்து நகரம் ஒன்றில் இருந்த சிறிய கூடத்தை நிறுவனம் வாங்கியபோது, அதன் கணினிகளைப் பார்த்துக்கொள்ள அவனை அனுப்பினார்கள். அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா முகம் கைப்பேசியில் தெரிந்தால் கூச்சப்பட்டு ஓடிவிடுவாள். குரல் மட்டும் என்றால் வாய் ஓயாது.

இரண்டு ஊர்க் கணினிகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள், அது முடிந்ததும் அங்கே ஆள் தேவைப்படாது, அவன் திரும்பிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அவள் நேரே மேலாளரிடம் போய் நின்றாள்.

"அந்த வேலைய நானே செய்றேன் சார்."

"மண்டை காயுற வேலைம்மா அது."

"காயட்டும் சார்."

நோயாளியின் பெயர் எத்தனை எழுத்து வரை போகலாம், தேதியில் நாள் முதலா மாதம் முதலா, சர்க்கரை அளவு எந்த அலகில் என்று தகவல்களுக்கான வரையறைகள் அந்தப் பக்கம் ஏராளமாகக் கிடந்தன. அங்கே ஒரு கட்டளையால் அவற்றை எடுக்க வேண்டும், இங்கே இன்னொரு கட்டளையால் ஏற்ற வேண்டும். எடுத்துக் கொடுப்பவன் அவன், ஏற்றுபவள் அவள், நாள் முழுக்கப் போனில் பேச்சு.

கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

"நோயாளி வரையறை ஏறிடுச்சா?"

"இல்லங்க. பிழைன்னு வருது."

"அதுக்குள்ள முகவரி வருதுல்ல, அதைத் தேடும். முகவரிய முதல்ல ஏத்து. அப்புறம் நோயாளி."

ஏற்றினாள். இரண்டும் போய் உட்கார்ந்தன.

"ஏறிடுச்சு," என்றாள். "சாப்பிட்டீங்களா?"

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி, அங்க வேலை நடக்குதா, குடும்பம் நடக்குதா?"

"ரெண்டுந்தான்."

கடைசி வரையறையும் ஏறிய அன்று, இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வேறுபாடும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நுழைந்து, படுக்கைக்கு இன்னொரு தலையணை வாங்கினாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். பழைய கணினியை இன்னும் ஒரு வருஷம் ஓடவிட வேண்டுமாம், தணிக்கைக்காரர்கள் கேட்கிறார்களாம். அதன் போக்கு தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"போன வாரமே சொன்னோமேம்மா."

மாடிப்படியில் நின்று அவனை அழைத்தாள். "தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவ்வளவு சந்தோஷமா பேசியிருக்க மாட்டே," என்றான்.

கோபப்படத்தான் நினைத்தாள், முடியவில்லை. அதற்குப் பிறகும் மதியம் ஆனால் ஒப்பிடும் கட்டளையை ஓட்டி, "வேறுபாடு இல்லங்க" என்று அவனுக்குச் சொன்னாள். யாரும் கேட்காத வேலை. மேலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். ஒரு நாள் அவரே வந்து, "லீவு எழுதிக் குடும்மா, கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

அந்த ஊர் ரயில் நிலையத்தில் அவன் காத்திருந்தான். இளைத்திருந்தான், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்யக் கை போனது அவளுக்கு. அதற்குள் மகள் அவள் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, போன் குடு. அப்பாகிட்ட பேசணும்."

எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். எதிரே நின்றிருந்தவனின் பையில் மணி அடித்தது. அவன் எடுத்தான்.

"அப்பா, நாங்க வந்துட்டோம். நீ எங்க இருக்கே?"

"இங்கதான் கண்ணு, பக்கத்துலயே," என்று சொல்லி மண்டியிட்டு உட்கார்ந்தான்.

மகள் அவன் முகத்தைப் பார்க்காமல், ரயிலில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். விடுப்பு ஞாயிறு வரைதான்.