சங்குகுளிகாரரின் கல்லும் ரஷ்ய வாத்தியாரின் ராக்கெட்டும்

எழுபதுகளில் தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "திங்கட்கிழமை கல்வி அதிகாரி வாராரு. ராக்கெட்டுக்கு வழிகாட்டின விஞ்ஞானி ஒருத்தரப் பத்தி நீரு பேசணும்" என்றார் தலைமையாசிரியர். சொதப்பினால் வேறு ஊர் பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்தில் தெரிந்தது.

நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்தவரும் வாத்தியார்தான், ரஷ்யச் சிற்றூர்க்காரர், சிறுவயதுக் காய்ச்சலில் காது மந்தமானவர். ஆகாய விமானமே தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே தொடங்கி, திரவ எரிபொருள், தீர்ந்ததும் கழன்று விழும் அடுக்குகள் என எல்லாவற்றையும் தாளிலேயே கணக்கிட்டுவிட்டார். ஒரு ராக்கெட்டும் விட்டதில்லை. நானும் விட்டதில்லை. எங்களுக்குள் ஒற்றுமை அத்தோடு சரி.

ஞாயிறு மாலை புத்தகத்தோடு பக்கத்துவீட்டுச் சங்குகுளிகாரரின் வள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு ஆள் ஆழத்தில் தளர்ந்த கயிற்றில் நங்கூரம் போட்டிருந்தது. அவர் வள்ளத்தின் முன்பக்கம் உட்கார்ந்து கயிறு பின்னியபடி, என்ன படிப்பு என்று விசாரித்தார். சொன்னேன்.

"காத்துமில்ல, தண்ணியுமில்ல. அங்கன எதத் தள்ளிக்கிட்டு போவும், வாத்தியாரே? துடுப்புக்கே தண்ணி வேணும்லா?"

இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன், நம்பத்தான் முடியவில்லை. சோதித்துப் பார்த்தால் என்ன? பின்பக்கம் நாலு கற்கள் கிடந்தன. வள்ளம் ஆடாமலிருக்கப் போட்ட பாரம் என்று நினைத்தேன். ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிப் பின்னால் கடலுக்குள் தள்ளினேன். காலடியில் வள்ளம் முன்னால் நழுவியது! இரண்டாவது கல். மறுபடியும் நழுவல். கல் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே நழுவியது என்பதையும் கவனித்தேன். அப்படியானால் தண்ணீர் வேண்டாம், எறிவதே போதும். பரவசத்தில் மூன்றாவதையும் தள்ளினேன்.

சத்தம் கேட்டுத் திரும்பினார். அதுவரை வாத்தியாராக இருந்தவன் அந்த நொடியில் பதவி இறங்கினேன்.

"ஏலே! அது முங்குத கல்லுலே!"

காலில் மாட்டி ஆழத்துக்கு இறங்கும் கல். ஆளுக்கொரு கல், ஒவ்வொன்றிலும் அவரவர் அடையாளம் கொத்தியிருக்கும். விடிந்தால் அந்த வள்ளத்தில் குளிக்கும் நாலு பேரும் தொழிலுக்குப் போகவேண்டும்.

மிஞ்சிய கல்லில் கயிற்றைக் கட்டி இறங்கினார். ஒவ்வொன்றாக அவர் கட்டிவிட, நான் மேலே இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. கடைசியாக ஏறி வந்தவர் தலையைத் துவட்டாமலே கேட்டார்:

"உம்ம ராக்கெட்டு எறிஞ்சத யாரு முங்கி எடுப்பா?"

"யாருமில்ல அண்ணாச்சி. போனது போனதுதான்."

"அப்ப கொண்டுபோறதுல முக்காவாசியும் எறியதுக்குத்தானா? வெறுங்கையோடல்லா போய்ச் சேருவான்!"

ரஷ்ய வாத்தியாரின் சூத்திரம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான். சங்குகுளிகாரர் அதற்கு ஒரு தாளும் செலவழிக்கவில்லை.

மறுநாள் விதியை விட்டுவிட்டு, பின்னால் கல்லெறிந்தால் முன்னால் நழுவும் வள்ளத்தைச் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல உதாரணம். உமக்கே தோணிச்சா?" சங்குகுளிகாரரைச் சொல்லியிருக்கலாம். அவர்களுடைய தொழில் கல்லை நான் எறிந்த கதையும் வெளியே வருமே என்று பயந்து, "புத்தகத்துல இருக்கு, சார்" என்று புளுகினேன். வேலை நிரந்தரமானது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று சும்மா புரட்டினேன். நான் நிறுத்தியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு படம்: படகில் நின்று ஒருவன் பின்னால் கல்லெறிகிறான்.