ஓவனுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

இன்று காலை, மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வயர்மேன் வந்தார். ஓவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிளக் பாயிண்டைக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றுவதற்காக.

"யாரு அக்கா இத இங்க வைக்கச் சொன்னது?"

"நாந்தான்லா. கெபினட் செஞ்சப்ப, வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஓவன் தீப்புடிச்சா, அது பின்னாலயே கைய விட்டா சுவிட்ச அடைப்பீங்க? அதுவும் வீட்டுல ஒத்தையா இருக்கீங்க."

இவ்வளவு நாளும் இடி இடித்தால், மின்னலில் ஓவன் கெட்டுவிடக் கூடாதென்று கீழ் டிராயரைக் கழற்றி, தரையில் படுத்து, உள்ளே கையை நீட்டித்தான் சுவிட்சை அடைத்து மின்சாரத்தை நிறுத்துவேன். ஜோகூரில் வேலை செய்யும் மகன், மலாக்காவில் மழை என்று போனில் பார்த்தாலே கூப்பிட்டுவிடுவான்.

"மா, பாத்து படுங்க. இடுப்பு பத்திரம். நா லைன்லயே இருக்கேன்."

நான் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசுவான். என்ன சமைத்தேன், மழை விட்டதா, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் புதுச் சுவிட்சைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா, இனி கவல இல்ல" என்று பதில் வந்தது.

மூன்று மணிக்கு நல்ல இடி. நின்றபடியே ஒரு விரலால் அடைத்தேன். அப்புறம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை அடுப்படியிலேயே நின்றேன். போன் அடிக்கவே இல்லை.

பிளக்கைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னால் வயர்மேன் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? யாராவது சொல்லுங்கள்.